தொலைக்காட்சி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது: வீட்டில் அளந்து பார்த்த கணக்கு

மின்கட்டணம் கூடும்போதெல்லாம் வீட்டில் முதலில் பேச்சு வாங்குவது தொலைக்காட்சிதான். “யாரும் பாக்காம அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தா பில் ஏறாம என்ன செய்யும்” என்று அப்பா அடிக்கடி சொல்வார். திருச்சியில் எனக்குத் தெரிந்த மற்ற வீடுகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். கூடத்தின் நடுவில், எல்லோருடைய கண்ணிலும் காதிலும் படும்படி ஓடுகிற பொருள் அது என்பதால், மின்சாரம் வீணாகிறது என்றதும் கை முதலில் அதன் ஸ்விட்சை நோக்கித்தான் போகிறது. சமையலறை மூலையில் நிற்கும் ஃபிரிட்ஜையோ மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வர்ட்டரையோ யாரும் அப்படிக் கவனிப்பதில்லை. ஊகத்தில் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒவ்வொன்றாக அளந்து எழுதி வைப்பது மேல் என்று, கோடைக்கு முன்பே தொடங்கி ஏசி ஓடும் மாதங்கள் வரை வீட்டிலுள்ள சாதனங்களை அளந்தேன். அந்தக் கணக்கையும், அதை வைத்து வீட்டில் செய்த மாற்றங்களையும் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவின் எண்ணத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2006-இல் தொடங்கித் தமிழ்நாடு அரசு வீடுகளுக்கு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி, படக்குழாய் கொண்ட பழைய வகை; அது ஓடும்போது ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். அப்போது பல வீடுகளில் மொத்தமாக இருந்ததே ஒரு மின்விசிறி, செம்புக் கம்பி சோக் வைத்த ஒன்றிரண்டு டியூப்லைட், அதனுடன் அந்த டிவி என்ற அளவுதான் என்பதால், மாலை முழுவதும் ஓடும் டிவி அந்த வீட்டுக் கணக்கில் கண்ணுக்குத் தெரியும் பங்காகவே இருந்தது. 21 அங்குலப் படக்குழாய் டிவி 70 முதல் 100 வாட் வரை போகும். பிறகு சில ஆண்டுகள் பெரிய வீடுகளில் இடம்பிடித்த 42 அங்குல பிளாஸ்மா டிவிகள் 200 வாட்டுக்கு மேல் இழுத்து, தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடாகும். எல்.இ.டி. விளக்கைப் பின்னொளியாகக் கொண்ட இன்றைய தட்டைத் திரைகள் வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிட்டது. அதே ஆண்டுகளில் வீட்டுக்குள் ஃபிரிட்ஜ், கீசர், இன்வர்ட்டர், ஏசி என்று ஒவ்வொன்றாக நுழைந்துவிட்டன. திட்டு மட்டும் டிவியிடமே நின்றுவிட்டது.

அளப்பதற்கு இரண்டு வழிகளைப் பயன்படுத்தினேன். முதலாவது, சுவர் பிளக்குக்கும் சாதனத்தின் பிளக்குக்கும் நடுவில் செருகும் சிறிய மின் அளவி. அந்த நொடியில் எத்தனை வாட் போகிறது, செருகியதிலிருந்து எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது என்ற இரண்டையும் அது காட்டும். பவர் பிளக் அளவுக்குத் தாங்கும்படி, 16 ஆம்பியர் என்று குறிக்கப்பட்டதை வாங்கினேன். 2, 3 வாட்டுக்குக் கீழே இந்த வகை அளவிகளின் கணக்கை அப்படியே நம்பக் கூடாது.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. வாசலில் இருக்கும் ஈ.பி. மீட்டரின் முகத்தில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்; ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்பது பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் மீட்டரில் அது 3200. ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம், அதாவது 3600 நொடி ஓடுவது. ஆகவே 3200 மினுக்கு உள்ள மீட்டரில், இரண்டு மினுக்குகளுக்கு நடுவே எத்தனை நொடி ஆகிறதோ அந்த எண்ணால் 1125-ஐ வகுத்தால், அப்போது வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்பது கிடைத்துவிடும். 15 நொடிக்கு ஒருமுறை மினுக்கினால் 75 வாட். அரை நொடிக்கு ஒருமுறை என்றால் 2250 வாட். மேலே மாட்டியிருக்கும் விசிறி, சுவருக்குள் கம்பி போகும் மோட்டார் போன்ற, பிளக் இல்லாத சாதனங்களை இப்படித்தான் அளக்க முடியும்: மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் ஓடவிட்டுக் கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் போதும். தொடங்கும் முன் ஒரு 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டரை இந்த வேலைக்கு நான் எடுக்கவில்லை. அது ஆம்பியரை மட்டும் காட்டும். அதை 230 வோல்ட்டால் பெருக்கி வாட் என்று எழுதிக்கொள்வது பலரிடம் உள்ள பழக்கம். குண்டு பல்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அந்தப் பெருக்கல் சரிவரும். டிவி, கணினி போன்ற மின்னணுச் சாதனங்களுக்கு வராது, ஏனென்றால் அவை மின்னோட்டத்தைச் சீரான அலையாக எடுக்காமல் அலையின் உச்சியில் மட்டும் வெட்டி வெட்டி எடுக்கின்றன. எங்கள் 32 அங்குல டிவி 0.31 ஆம்பியர் எடுக்கிறது; 232 வோல்ட்டால் பெருக்கினால் 72 வருகிறது. உண்மையில் அது செலவழிப்பது 41 வாட்தான். வீட்டு இணைப்புக்கு ஈ.பி. மீட்டர் கணக்கெடுப்பதும் இந்த 41-ஐத்தான். டிவி நிறைய கரண்ட் இழுக்கிறது என்று கருவியை வைத்துக் காட்டிச் சொல்லும் பேச்சில் ஒரு பகுதி இந்தப் பெருக்கலிலிருந்து வருவது.

டிவியை மட்டும் சற்று நிதானமாகவே அளந்தேன். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக வைக்கப்படும் ‘விவிட்’ அமைப்பில் 52 வாட். ‘ஸ்டாண்டர்ட்’ அமைப்பில் 41. பின்னொளியை மட்டும் 30-க்குக் குறைத்தபோது 27. இரவில் கூடத்து விளக்கு ஒன்று மட்டும் எரியும் வேளையில் அந்த 27 வாட் வெளிச்சமே கண்ணுக்கு இதமாக இருந்தது. இருட்டான காட்சிகள் ஓடினால் மின்சாரம் குறையும் என்று சிலர் சொல்வதைச் சோதிக்க, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரையில் நிறுத்தி வைத்தேன். எங்கள் டிவியில் எண் அசையவில்லை. எல்லாப் பகுதிக்கும் ஒரே பின்னொளி எரியும் திரையில் கறுப்பு என்பது வெளிச்சத்தை மறைப்பது மட்டுமே, அணைப்பது ஆகாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரையில்தான் இருட்டுக் காட்சிக்கு மின்சாரம் குறையும். ஒலியைக் கூட்டிக் குறைத்தபோது ஓரிரண்டு வாட்தான் மாறியது. தங்கை வீட்டில் இருக்கும் 55 அங்குல டிவியையும் அளந்தேன்; ஸ்டாண்டர்டில் 115 வாட் காட்டியது. அங்குலம் இரண்டு மடங்கானால் திரையின் பரப்பு நான்கு மடங்காகிறது என்பதால், பெரிய டிவி வாங்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ரிமோட்டில் அணைத்து வைத்த நிலையில் எங்கள் டிவி அரை வாட் அளவுதான் காட்டியது. அளவியின் தடுமாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. தங்கை வீட்டு ஸ்மார்ட் டிவியில், சட்டென்று இயங்குவதற்கான ‘குயிக் ஸ்டார்ட்’ வசதி இயக்கப்பட்டிருந்தது. அதனால் திரை அணைந்த பிறகும் உள்ளே பாதி விழித்தபடி 12 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்தியதும் அரை வாட்டுக்கு வந்துவிட்டது. டிவி இயங்கக் கூடுதலாகச் சில நொடிகள் ஆகிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் டிவி சராசரியாக ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடுகிறது. 40 வாட் என்று வைத்தால் நாளுக்குக் கால் யூனிட். 60 நாளுக்கு 14 யூனிட் சொச்சம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் கட்டணமில்லை என்பது 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த 100 யூனிட்டுக்குள் இந்த டிவியை மட்டும் வைத்துக்கொண்டால், இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டினாலும் 60 யூனிட்டைத் தாண்டாது.

அதற்கு அடுத்து, டிவிக்குக் கீழே தட்டில் இருந்த செட்டாப் பாக்ஸை அளந்தேன். படம் ஓடும்போது 12 வாட். ரிமோட்டில் அணைத்ததும் அதன் முகப்பில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு விளக்கு வந்தது. அளவி 11 காட்டியது. அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி பார்த்தேன், அப்போதும் 11. சிக்னலை வாங்கும் பகுதியும் உள்ளிருக்கும் சிப்பும் விழித்தே இருக்கின்றன. முகப்பில் நிறம் மாறுவதைத் தவிர அணைத்ததற்கான அடையாளம் வேறு எதுவும் இல்லை. கையை வைத்துப் பார்த்தால் பெட்டியின் மேல்தகடு எந்நேரமும் வெதுவெதுப்பாகவே இருக்கும். நாள் முழுவதும் 11 வாட் என்றால் நாளுக்கு 0.26 யூனிட், 60 நாளில் 16 யூனிட். எங்கள் வீட்டில் 32 அங்குலத் திரையைவிட, அதற்குப் படம் கொடுக்கும் பெட்டி கூடுதலாகச் செலவழிக்கிறது. அதில் முக்கால் பங்கு, யாரும் டிவி பார்க்காத நேரத்தில் போவது. ‘யாரும் பாக்காம ஓடுது’ என்று அப்பா சொல்வது சரியாகப் பொருந்துகிற பொருள் இந்த வீட்டில் இதுதான்.

இதைச் சரிசெய்வது எளிய வேலையாக இருந்தாலும், யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. டிவி, செட்டாப் பாக்ஸ், இணைய மோடம் மூன்றும் டிவிக்குப் பின்னால் ஒரே பெட்டியில் செருகப்பட்டிருந்தன; அதற்கு ஒரே ஸ்விட்ச். மோடத்தை அணைக்க முடியாது. கை விட்டுத் துழாவ வேண்டிய இடத்தில் ஸ்விட்ச் இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் அதை அணைக்கப் போவதில்லை என்பதும் தெரிந்ததே. ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ஸ்விட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை வாங்கி, அதை டிவி அலமாரியின் பக்கவாட்டில், அம்மாவுக்குக் கை எட்டும் உயரத்தில் திருகி வைத்தேன். மோடத்தை மட்டும் பழைய பிளக்கிலேயே விட்டேன். இரவு படுக்கப் போகும்போது இரண்டு ஸ்விட்சையும் அணைத்துவிடுகிறோம். காலையில் பெட்டி மறுபடி சேனல் காட்ட ஒன்றரை நிமிடம் எடுக்கிறது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டு வருவதற்கு அந்த நேரம் சரியாக இருக்கிறது.

இனி மற்றவை. இவற்றில் பெரிய பங்கு எடுத்தது எது என்று கேட்டால், ஏசி இல்லாத மாதங்களில் மின்விசிறி என்பதுதான் விடை. எங்கள் வீட்டின் மூன்று விசிறிகளும் பழைய வகை, 48 அங்குலம். இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கூடத்து விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு மீட்டர் முன் நின்றபோது, ஒரு மினுக்கிலிருந்து அடுத்ததற்கு 15.6 நொடி ஆனது. அதாவது 72 வாட், எங்கள் டிவியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. டிவி ஆறு மணி நேரம் ஓடுகிறது. கூடத்து விசிறி 16 மணி நேரமும், இரண்டு படுக்கையறை விசிறிகள் ஒவ்வொன்றும் 10 மணி நேரமும் ஓடுகின்றன. மொத்தம் 36 மணி நேரம், நாளுக்கு 2.6 யூனிட், 60 நாளுக்கு 155 யூனிட். திருச்சி வெயிலில் இதைக் குறைத்து எழுத வழியில்லை. டிவியை அணைத்துவிட்டு விசிறியை ஓடவிட்டு எழுந்து போகிறவர், மிச்சப்படுத்தியதைவிட அதிகத்தை விட்டுவிட்டுப் போகிறார்.

ஆகவே முதலில் கூடத்து விசிறியை மாற்றினோம். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள விசிறிகள் அதே காற்றை 28 முதல் 35 வாட்டுக்குள் தருகின்றன. பழைய வகை மோட்டாரில் சுழலும் பகுதிக்குள் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் காந்தம் உண்டாக வேண்டும். அதில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும், விசிறியின் வயிற்றைத் தொட்டால் சுடுவது அதனால்தான். புதிய வகையில் சுழலும் பகுதி நிலைக்காந்தம் என்பதால் அந்த இழப்பு இல்லை. மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் முதலில் சுவரிலிருந்த ரெகுலேட்டரைப் பார்த்தார். “அக்கா, இது லைன்ல இருக்கக் கூடாது, எடுத்துட்டு நேரா குடுத்துடலாம்” என்று சொல்லி, அதைக் கழற்றி இரண்டு கம்பியையும் இணைத்து, அந்த இடத்தில் வெறும் மூடியைப் பொருத்தினார். இந்த விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாடு உள்ளேயே, ரிமோட்டில் இருக்கிறது. வெளியே ரெகுலேட்டர் இருந்தால் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை கெட்டுப்போகக்கூடும். பழைய கொக்கியில் ரப்பர் புஷ் தேய்ந்து பாதியாகியிருந்ததால் அதையும், வளைந்திருந்த ஸ்பிளிட் பின்னையும் புதிதாகப் போடச் சொன்னேன். தலைக்கு மேல் தொங்குவதை மாட்டும்போது பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதை ஒப்புக்கொள்ளவே கூடாது. மாட்டிய பிறகு அதே இரவில் மீட்டர் முன் நின்றால் 37 நொடிக்கு ஒரு மினுக்கு வந்தது, ஏறத்தாழ 30 வாட். 16 மணி நேரத்துக்கு நாளொன்றுக்கு 0.67 யூனிட் மிச்சம். 60 நாளில் 40 யூனிட். டிவியை அடியோடு எடுத்துவிட்டால் கிடைக்கும் மிச்சத்தைப் போல இது ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஃபிரிட்ஜை அளப்பவர்கள் ஒரு நொடியில் காட்டும் வாட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கம்ப்ரசர் ஓடும்போது 120 வாட் காட்டும், நின்றால் சில வாட்டுக்கு இறங்கும், பனியை உருக்கும் ஹீட்டர் இயங்கும் சில நிமிடங்களுக்கு வேறு எண் வரும். ஒரு முழு நாளாவது அளவியில் விட்டுவைத்து யூனிட்டைத்தான் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுக்கு மேலான எங்கள் 240 லிட்டர் ஃபிரிட்ஜ் நாளுக்கு 1.6 யூனிட் எடுத்தது. 60 நாளுக்கு 96. கதவின் ரப்பரில் எனக்குச் சந்தேகம் இருந்ததால், செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்துக்கொண்டே நான்கு பக்கமும் சுற்றி வந்தேன். மேலேயும் கைப்பிடிப் பக்கமும் தாள் இறுகப் பிடித்துக்கொண்டது. கீழே, கீல் இருக்கும் மூலையிலிருந்து ஒரு சாண் அளவுக்குத் தாள் தடையே இல்லாமல் வழுக்கி வந்தது. அந்த இடத்து ரப்பர் வெடித்து, விரலால் அழுத்தினால் திரும்பி எழாத அளவுக்குக் கெட்டித்திருந்தது; உள்ளே மடிப்பில் கறுப்பாகப் பூசணம். மெக்கானிக் அளவெடுத்துப் போய்ப் புது ரப்பர் கொண்டுவந்து மாற்றினார். புது ரப்பர் மடித்து வந்திருந்ததால் ஆங்காங்கே கதவோடு படியாமல் நின்றது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, கதவை மூடி ஓர் இரவு விட்டதும் படிந்துகொண்டது. பிறகு அளந்தபோது நாளுக்கு 1.3 யூனிட். ஒரு நாளைக்கு டிவி எடுப்பதைவிட, அந்த ஒரு சாண் இடைவெளி வழியாகக் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வர்ட்டரை அளக்க, அதன் லைனில் உள்ள விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் மின்சாரமும் அதன் வழியாகவே போய்க் கணக்கில் சேர்ந்துவிடும். பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆன பிறகு, எந்தச் சுமையும் இல்லாத நிலையில், அது 28 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மரின் இழப்பும், பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்கச் செல்லும் சிறு மின்னோட்டமும் சேர்ந்தது அது. 24 மணி நேரமும் போவதால் 60 நாளில் 40 யூனிட். மின்வெட்டு அடிக்கடி வந்த ஆண்டுகளில் வாங்கியது; இப்போது மாதத்தில் சில மணி நேரமே வேலை செய்கிறது. ஆனாலும் இதை அணைத்து வைக்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காரீய அமிலப் பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் விட்டால் அதன் தகடுகள் கெட்டு, மிச்சப்படுத்தியதைவிடப் பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

அதிக வாட் எழுதியிருக்கிறது என்று மக்கள் பயப்படும் சில பொருள்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 750 வாட் மிக்சி ஒரு நாளில் மொத்தம் ஐந்து பத்து நிமிடம்தான் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 5 யூனிட்டைத் தொடவில்லை. இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர் ஒரு முறைக்கு 0.1 யூனிட், 60 நாளில் 2 யூனிட்டுக்குள் அடங்கிவிட்டது. வெந்நீர் ஹீட்டர் இல்லாத, மேலே மூடி திறக்கும் வாஷிங் மெஷின் ஒரு முறை துவைக்க 0.15 யூனிட். இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்துக்கு 0.55 யூனிட் எடுத்தது, அதாவது டிவி 13 மணி நேரத்துக்கு மேல் ஓடும் மின்சாரம். மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் 1050 வாட். நாளுக்கு 25 நிமிடம் ஓடி 60 நாளில் 26 யூனிட். தொட்டி நிறைந்து வழியும்போதும் அணைக்க மறந்து ஓடும் கால் மணி நேரம், ஒரு மாலை முழுவதும் டிவி பார்ப்பதற்குச் சமம்.

கீசருக்கு அளவி கூடத் தேவையில்லை, கணக்கே போதும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.186 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். 15 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 57-க்கு ஏற்ற 1884 கிலோஜூல், அதாவது 0.52 யூனிட். அளந்தபோதும் அதற்குச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. ஒரு முறை நிறைத்துச் சூடாக்கும் தண்ணீர் 13 மணி நேர டிவி. ஆளுக்கு ஒரு முறை என்று நாலு பேர் குளித்தால், இரவும் பகலும் நிறுத்தாமல் இரண்டு நாளுக்கும் மேல் ஓடும் டிவி. குளித்து முடித்தும் ஸ்விட்ச் போட்டபடி விட்டால், யாரும் குழாயைத் திறக்காமலேயே நாளுக்கு 0.7 யூனிட் வரை தொட்டியின் சூட்டைக் காப்பாற்றுவதற்கே போகிறது. மார்கழியில் கீசரை அணைக்க மறப்பதுதான் எங்கள் வீட்டில் இனித் திட்டு வாங்க வேண்டிய செயல்.

ஏசியை இரவு படுக்கும்போதும் காலையில் எழும்போதும் ஈ.பி. மீட்டரின் ரீடிங்கைக் குறித்து, மற்றவற்றின் பங்கைக் கழித்து அளந்தேன். ஒன்றரை டன், கம்ப்ரசரின் வேகம் தேவைக்கேற்பக் கூடிக் குறையும் ‘இன்வர்ட்டர்’ வகை; மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வர்ட்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை. 24 டிகிரியில் ஏழு மணி நேரத்துக்கு 5 யூனிட். 27 டிகிரியில் விசிறியைச் சிறிய வேகத்தில் சேர்த்து ஓடவிட்டபோது 4 யூனிட். 2020 முதல் இந்தியாவில் அறை ஏசிகள் இயல்பாகவே 24 டிகிரியில் தொடங்கும்படி விதி உள்ளது; பலரும் வந்ததும் அதை 18-க்கு இறக்குகிறார்கள். சித்திரை, வைகாசியில் இரவுதோறும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். எங்கள் டிவி ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஓடும் மின்சாரம் அது.

மாற்றங்களைச் செய்வதற்கு முந்தைய எண்களை வைத்துக் கோடைக்கால இரண்டு மாதத்தைக் கூட்டினேன். ஏசி 300, விசிறி 155, ஃபிரிட்ஜ் 96, இன்வர்ட்டர் 40, மோட்டார் 26, விளக்குகள் 22, செட்டாப் பாக்ஸ் 16, டிவி 14, மோடம் 11, சில்லறைச் சாதனங்கள் எல்லாம் சேர்ந்து 20 சொச்சம். 700 யூனிட்டில் டிவியின் பங்கு நூற்றுக்கு இரண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணைக்குள் போய்விடுகிறோம்; அங்கே ஒவ்வொரு படிக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். அந்தக் கோட்டைத் தாண்டவைப்பது ஏசி. ஏசி இல்லாத மாதங்களில் அந்தக் கோட்டுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துவது விசிறியும் ஃபிரிட்ஜும். டிவியை ஒரு மணி நேரம் குறைப்பதால் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது மாறாது. பிள்ளைகள் எவ்வளவு நேரம் டிவி பார்க்கலாம் என்பது பேச வேண்டிய விஷயம்தான். அதை மின்கட்டணத்தின் பெயரால் பேச வேண்டியதில்லை.

கடைசியாக ஓர் அளவு. வீட்டில் எதுவுமே ஓடவில்லை என்று நாம் நினைக்கும் நிலையில் மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்தேன்: விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜின் பிளக்கைச் சில நிமிடம் எடுத்துவிட்டு, வழக்கமாக அணைக்காதவற்றை மட்டும் அப்படியே விட்டேன். மாற்றங்களுக்கு முன்பு 19 நொடிக்கு ஒருமுறை சிவப்பு விளக்கு மினுக்கியது, ஏறத்தாழ 60 வாட். இன்வர்ட்டர் 28, செட்டாப் பாக்ஸ் 11, மோடம் 8, மீதி 12 எங்கே என்று மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் எம்.சி.பி. ஸ்விட்சை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்ததில், ஏசியின் ஸ்டெபிலைசர் அகப்பட்டது. ஏசியை ரிமோட்டில் அணைத்த பிறகும் அதன் டிரான்ஸ்பார்மர் சுவரில் சன்னமாக ரீங்கரித்தபடி 11 வாட் எடுத்துக்கொண்டிருந்தது, மழைக்காலத்திலும்கூட. 60 வாட் என்றால் 60 நாளுக்கு 86 யூனிட். மேலே சொன்ன இலவச 100 யூனிட்டில் பெரும்பங்கு, யாருக்கும் பயனில்லாமல் கரைவது. இப்போது ஏசி ஓடாத நேரத்தில் அதன் எம்.சி.பி.யை இறக்கியே வைக்கிறோம், செட்டாப் பாக்ஸுக்குத் தனி ஸ்விட்ச் வந்துவிட்டது. இரவில் 30 நொடிக்கு ஒரு மினுக்கு என்று 37 வாட்டுக்கு இறங்கியிருக்கிறது. அதில் இன்வர்ட்டர் மட்டும் 28. பேட்டரி மாற்ற வேண்டிய காலம் வரும்போது, கூடத்துக்கும் மோடத்துக்கும் மட்டும் போதுமான சிறிய இன்வர்ட்டராக, சுமையில்லாத நிலையில் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கடையிலேயே அளவியைச் செருகிப் பார்த்து வாங்குவதாக இருக்கிறோம். அதற்கு முன் படுக்கையறை விசிறிகள் இரண்டையும் மாற்ற வேண்டும்.